நாற்பத்தோராவது பிளாக்

றுஷாந்தன் அண்ணனுக்கு மூன்றே மூன்று பாவங்கள்தான். அம்மாவிடம் பொய் சொன்னது, தங்கையை அடித்தது, செபமாலையின்போது தூங்கியது. பன்னிரண்டு வயதில் பதுளை மாதா கோவிலில் முழந்தாளிட்டு இவற்றைச் சுவாமியாரிடம் சொன்னார். இப்போது முப்பத்தாறு வயது. இன்னும் அதே மூன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கை கல்யாணமாகி வத்தளைக்குப் போய் எட்டு வருடமாகிறது. அவளை அடித்ததற்கு அண்ணன் மாதாமாதம் மன்னிப்புப் பெறுகிறார். சுவாமியார்கள் மாறிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதை அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். "ஒருக்கா ஒழுங்கா செஞ்சு வச்சிட்டா போதும் தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிக்கிறவன் மடையன்."

நான் மடைச்சி, கேஷானி. அவருடைய மேசைக்கு எதிர்மேசை. பதுளை பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி இருக்கிறது. ஆலைகளுக்குத் தானாக இயங்கும் இயந்திரக் கட்டுப்பாடு செய்து கொடுப்பது தொழில். சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு சின்னக் கணினி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அது சொல்லும். அதற்குச் சொல்லிக் கொடுக்கும் மென்பொருளை எழுதுவது றுஷாந்தன் அண்ணன். கையேட்டைத் தட்டச்சு செய்வதும் தாள்களைக் கோப்பில் அடுக்குவதும் நான்.

'எழுதுவது' என்றேன். அந்தச் சொல்லை அவருக்குப் பயன்படுத்துவது கொஞ்சம் அதிகம். இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத மாட்டார்கள். மோட்டார் ஓட்ட ஒரு துண்டு, சூடு பார்க்க ஒரு துண்டு, எச்சரிக்கை மணி அடிக்க ஒரு துண்டு என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பிளாக். புது ஆலை வந்தால் வேண்டிய பிளாக்குகளை எடுத்துக் கோர்த்தால் வேலை முடிந்தது. உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள், நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தில் மற்றவர்கள் எடுத்துப் போடுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்ப்பார்களாம்.

எங்கள் முதலாளி தர்மராசா ஐயா, யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர். அரசாங்க உத்தியோகமாகப் பதுளைக்கு வந்து, ஓய்வுபெற்ற பிறகும் திரும்பிப் போகாதவர். புது ஆள் யார் வந்தாலும் ஒரு விரலை உயர்த்தி, "எங்களிட்டை நாற்பது பிளாக் இருக்குது. இலங்கையிலை வேறை ஒருத்தரிட்டையும் இல்லை" என்பார். இரண்டாவது வசனத்தை அவர் எப்படிச் சரிபார்த்தார் என்று நான் கேட்டதில்லை. அண்ணன் எப்போதாவது புதிதாக எதையாவது எழுத உட்கார்ந்தால் கதவடியில் வந்து நிற்பார். "என்ன காணும், ஒருக்கா எழுதினதை ஏன் திருப்பி எழுதுறீர்? பேரை மாத்திப்போட்டு அனுப்பும்."

அண்ணனுக்கு அது தேவவாக்கு. வாழ்க்கையையே அப்படி நடத்தினார். கோவில் திருநாளில் நன்றியுரை அவருடையதுதான். ஏழு வருடமாக ஒரே தாள். ஆறாவது வருடம் பந்தல் போட்டுக் கொடுத்ததற்காக ஒருவருக்கு மனமார நன்றி சொன்னார். அந்த மனிதரை நாங்கள் தை மாதமே அடக்கம் செய்திருந்தோம். முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி எழுந்து வெளியே போனார். அண்ணன் தாளைத் திருத்தினாரா? "அடுத்த வருசம் எடுத்திருவோம்" என்றார். அடுத்த வருடமும் நன்றி சொன்னார்.

வீட்டில் மனைவி பிரான்சிஸ்கா அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து தொலைபேசியில் தானாகப் போகும்படி செய்து வைத்திருக்கிறார். ஒருமுறை பட்டியல் மாறிப்போய், "தாங்கள் தொடர்ந்து அளித்துவரும் ஆதரவுக்கு எமது நன்றிகள்" என்று அவருக்கு வந்தது. அக்கா கெட்டிக்காரி. "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படுகிறது" என்று பதில் போட்டுவிட்டு இரண்டு நாள் சமைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு பிளாக்கை மட்டும் உயிரைக் கொடுத்து எழுதினார். ஒரு கோழி இறைச்சி ஆலைக்காக. போயா, அதாவது பௌத்தர்கள் புனிதமாகக் கொள்ளும் பௌர்ணமி நாளில் இந்த நாட்டில் இறைச்சிக்கடை திறக்க முடியாது. அந்த ஆலைக்காரருக்குப் பயம். யாராவது தொழிலாளி தெரியாமல் பொத்தானை அமத்தி, பக்கத்துப் பன்சலைப் பிக்குமாரிடமிருந்து முறைப்பாடு வந்தால் என்ன செய்வது? ஆகவே அண்ணன் மோட்டார் பிளாக்குக்குள் ஒரு பூட்டு வைத்தார். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை அது நிறுத்தாது, குளிரறை பாழாகக் கூடாதே. ஆனால் போயா அன்று புதிதாக எதையும் தொடங்கவும் விடாது. பத்து வருடப் போயாத் தேதிகளைக் கலண்டர் பார்த்துப் பார்த்து ஏற்றினார். பிழையே இல்லை. ஆலைக்காரர் நெகிழ்ந்துபோய் எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கோழி தந்தார்.

அந்த பிளாக் பிறகு மர ஆலைக்குப் போனது, அரிசி ஆலைக்குப் போனது, பேக்கரிக்குப் போனது. எல்லா இடமும் போயாவுக்கு மூடியே இருக்கும். பூட்டு இருப்பது யாருக்கும் தெரியவில்லை. எழுதியவருக்கே மறந்துவிட்டது.

பிறகுதான் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று வந்தது. பெயர் வேண்டாம். அங்கே தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், மேல்மாடியில் நீள நீளமான தொட்டிகள் இருக்கும். பறித்த பச்சைக் கொழுந்தை அதில் பரப்பிக் கீழேயிருந்து காற்றாடியால் காற்று விட வேண்டும். காற்று நின்றால் கொழுந்து உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துபோகும், அதன்பின் குப்பைதான். அந்தக் காற்றாடிகளைத் தானாக ஓட்டுவதுதான் எங்களுக்கு வந்த வேலை. தர்மராசா ஐயா பழைய சுவிட்சுகளையெல்லாம் கழற்றி எறியச் சொன்னார். "இனிமேல் கையாலை ஒண்டும் வேண்டாம்."

அண்ணன் ஐந்து நாளில் முடித்தார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கோழிப்படம் அப்படியே இருந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் இத்ரூஸ் அது என்னவென்று கேட்டார். "அது எங்க கம்பனி மார்க்குங்க" என்றார் அண்ணன், கண்ணை இமைக்காமல். கையேட்டுக்கு என்னிடம் வந்தார். நானும் கோழி ஆலைக் கையேட்டை எடுத்து, 'கோழி' என்ற இடமெல்லாம் 'கொழுந்து' என்று மாற்றும்படி கணினிக்கு ஒரே கட்டளை கொடுத்துவிட்டு அச்சிட்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்கிற நான் ஒன்றும் உசத்தியில்லை. அந்தக் கையேட்டில் கொழுந்தின் இறகு நீக்கும் பகுதி என்று ஓர் அத்தியாயம் இருந்தது.

அதை முழுதாக வாசித்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்: விஜயலெட்சுமி அக்கா. பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவர். பிறகு ஸ்டோருக்கு எடுத்தார்கள். பத்தொன்பது வருடம் கொழுந்து மாடியில் வேலை செய்து, போன வருடம்தான் அந்த மாடிக்கே பொறுப்பாளர் ஆனார். அந்த ஸ்டோரில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவர். மெஷின் வருகிறது என்றதும் தன் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எண்பது பக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய், பென்சிலால் அடிக்கோடிட்டு வாசித்திருக்கிறார்.

கார்த்திகை மழைக்குப் பிறகு கொழுந்து வெடித்துக்கொண்டு வந்த நேரம். போயா அன்று தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை, விரும்பியவர்கள் கைக்காசுக்குப் பறிப்பார்கள். எல்லாரும் விரும்பினார்கள். மத்தியானம் லொறியில் மூவாயிரம் கிலோ கொழுந்து வந்து இறங்கியது. தொட்டிகளில் பரப்பினார்கள். விஜயலெட்சுமி அக்கா பொத்தானை அமத்தினார். காற்றாடி அசையவில்லை. மறுபடி அமத்தினார். திரையில், 'இன்று அனுமதி இல்லை' என்று வந்தது. இத்ரூஸ் வந்து அமத்தினார், காவல்காரர்கூட வந்து அமத்திப் பார்த்துவிட்டு, "மெஷினும் போயா விரதம்னு சில் எடுத்திருச்சு போல" என்று சிரித்தார். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார்கள். போயா, கம்பனி லீவு. பழைய சுவிட்சைத் தேடினார்கள். அது கழற்றிய நாளே பழைய இரும்புக்குப் போய்விட்டது. அக்காவும் ஆறு பெண்களும் பொழுது சாயும்வரை கையால் கொழுந்தைக் கிளறிக் கிளறிப் போட்டார்கள். பாதிக்கு மேல் சிவந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் நாங்கள் போய் இறங்கினோம். அண்ணன் பொத்தானை அமத்தினார். எட்டுக் காற்றாடியும் அழகாகச் சுற்றின. ஏன் சுற்றாது? போயா முடிந்துவிட்டதே. தர்மராசா ஐயா கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார். "பாருங்கோ. மெஷினிலை ஒரு பிழையும் இல்லை. பாவிக்கிற ஆக்களுக்குப் பழக்கம் காணாது."

அண்ணனிடம் அதற்கும் ஓர் அறிக்கை தயாராக இருந்தது. 'இயக்குபவரின் அறியாமையால் ஏற்பட்ட தடங்கல்.' மர ஆலைக்குக் கொடுத்தது, பேக்கரிக்கும் கொடுத்தது. தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு தாளை வைத்துத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை விஜயலெட்சுமி அக்காவை மாடி வேலையிலிருந்து நிறுத்தினார். திங்கட்கிழமை விசாரணை. பிழை அவருடையது என்று முடிவானால் மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு, கூடையோடு.

விசாரணைக்குக் கோப்பு தூக்க நானும் போனேன். தோட்டத்து ஆபீசில் துரை, இத்ரூஸ், நாங்கள் மூவர். அக்கா நின்றுகொண்டிருந்தார், யாரும் உட்காரச் சொல்லவில்லை. கையில் நான் அச்சிட்ட கையேடு. இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார்.

"ஐயா, இதுல எழுதியிருக்குங்க. போயா நாள்ல மோட்டார் தொடங்காது, இறைச்சிச் சட்டப்படினு. நாங்க என்ன இறைச்சியா அறுக்குறோம்?"

எல்லாரும் கையேட்டோடு கொழுந்து மாடிக்கு ஏறினோம். துரை சொன்னபடி அண்ணன் காற்றாடிகளை நிறுத்திவிட்டுக் கணினியின் தேதியைப் போயாவுக்கு மாற்றினார். பொத்தானை அமத்தினார். எட்டுக் காற்றாடியும் அசையவில்லை. அண்ணனின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். முடிந்தது, அக்கா பிழைத்தார் என்று நினைத்தேன். தர்மராசா ஐயாவைப் பற்றி எனக்கு அதுவரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

"இது பிழை இல்லை, இது வசதி" என்றார் அவர், குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல். "நாங்கள் எழுத்திலை குடுத்திருக்கிறம். இவ வாசிச்சுமிருக்கிறா. வாசிச்சு விளங்கினவ ஏன் முன்னமே ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னேங்க. மெஷின் மாட்டுன அன்னைக்கே இந்தத் தம்பிகிட்ட சொன்னேன். அதெல்லாம் சும்மா அக்கா, எல்லாப் பொத்தகத்துலயும் அப்படித்தான் வரும்னு சொன்னுச்சு."

துரை அண்ணனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். ஒரு பெண்ணின் பத்தொன்பது வருடம் அவருடைய வாயில் இருந்தது. அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ பேரிடம் சொன்ன அதே பதிலை எடுத்து வைத்தார்.

"ஞாபகம் இல்லீங்க."

அக்கா அழவில்லை. கையேட்டை மூடி, முந்தானையில் துடைத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகத் துரை சொன்னார். அதுவரை காலையில் பெரட்டுக்கு வந்து மற்றவர்களோடு மலைக்குப் போகச் சொன்னார். திரும்பி வரும் வழியில் தர்மராசா ஐயா எங்களுக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார். அண்ணன் இரண்டு சாப்பிட்டார். எனக்கு அந்த முகத்தில் ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. நானும் ஒன்று சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அந்தத் தோட்டத்துக் கோப்பை அலுமாரியில் வைக்கப்போனபோது உள்ளே ஒரு மஞ்சள் தாள் தெரிந்தது. மெஷின் பொருத்தி முடிந்ததும் ஆலைக்காரரிடம் கையெழுத்து வாங்குகிற தாள். அடியில் 'குறிப்புகள்' என்று இரண்டு கோடு இருக்கும். அதில் யாரும் ஒன்றும் எழுதுவதில்லை, எழுதினாலும் நான் வாசிப்பதில்லை. இந்தத் தாளில் குண்டுக் குண்டான எழுத்தில் இருந்தது: 'பக்கம் 27இல் போயாவில் ஓடாது என்று உள்ளது. எங்களுக்குப் போயாவிலும் கொழுந்து வரும். தயவுசெய்து பார்க்கவும். ம. விஜயலெட்சுமி.' அதற்குக் கீழே அண்ணனின் கையெழுத்து. கோப்பில் கோர்க்க நான் போட்ட துளை, 'தயவுசெய்து' என்ற சொல்லின் நடுவில் விழுந்திருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. முதலாளியிடம் கேட்டால் தாள் காணாமல் போய்விடும் என்று தெரியும். தொலைபேசியில் படமெடுத்துத் துரைக்கு அனுப்பிவிட்டுத்தான் முதலாளியின் அறைக்குப் போனேன்.

"என்ன பிள்ளை செய்தனீர்?" என்றார்.

"கோப்பில இருந்ததை அனுப்பினேன் ஐயா. எல்லாம் எழுத்திலதானே குடுக்கிறோம்."

வெள்ளிக்கிழமை விஜயலெட்சுமி அக்கா மாடிக்குத் திரும்பினார். துரை ஒரு நிபந்தனை வைத்தார்: பூட்டை எடுத்துவிட வேண்டும், அத்தோடு அந்தத் தம்பி அந்த அம்மாவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பூட்டை அந்த ஸ்டோரில் எடுக்கப் பத்து நிமிடம் போனது. மன்னிப்புக்கு மூன்று நாள். அண்ணன் கணினி முழுக்கத் தேடினார். நாற்பது பிளாக், இருநூறு கடிதம், ஒரு நன்றியுரை. மன்னிப்பு ஒன்றுகூட இல்லை. "தங்கச்சி, உங்கிட்ட ஏதாவது மாதிரி இருக்கா?" என்று என்னிடம் வந்தார். இல்லை என்றேன். மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கும் போகாமல் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். கசக்கிய தாள்கள் காலடியில் கிடந்தன. எழுதி முடித்ததும் என்னிடம் காட்டினார்.

'அன்புள்ள விஜயலெட்சுமி அக்கா, நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். நான் செய்ததை நான் வாசிக்கவில்லை, நீங்கள் வாசித்தீர்கள். வாசித்ததற்காக உங்களைத்தான் மலைக்கு அனுப்பப் பார்த்தோம். என்னை மன்னியுங்கள்.'

நானும் அதை இரண்டு தடவை வாசித்தேன். உண்மையாகவே. அவரே பஸ் பிடித்து மடுல்சீமைக்குப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தார். மனிதர் திருந்திவிட்டார் என்று நம்பி இரண்டு வாரம் அவருக்கு நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் இன்னொரு தேயிலை ஸ்டோர் வேலை வந்தது. கையேடு செய்ய, இந்த முறையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, அண்ணனின் பிளாக்குகள் இருக்கும் கோப்புறையைத் திறந்தேன். மோட்டார் பிளாக் கடைசியாகத் திருத்திய பழைய தேதியிலேயே இருந்தது. பத்து வருடப் போயாவும் அப்படியே உள்ளே. நாற்பதுக்குக் கீழே புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. எண் நாற்பத்தொன்று, பெயர் 'மன்னிப்பு'. திறந்தேன். 'அன்புள்ள ________ அக்கா/ஐயா, நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். எனக்கு அது ஞாபகம் இருந்தது...' ஒரு சொல் குறையாமல் தட்டச்சு செய்திருந்தார். பெயருக்கும் 'மலைக்கு' என்ற சொல்லுக்கும் மட்டும் வெறும் கோடு.

"அந்தப் பூட்டை ஏண்ணே இன்னும் எடுக்கல?"

"எடுத்தா பழைய எடத்துல எல்லாம் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? ஓடுறதைத் தொடக்கூடாது தங்கச்சி." பிறகு குரலைத் தாழ்த்தி, நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: "பிரச்சினை வந்தாலும் பயமில்ல. கடிதம் ரெடியா இருக்கு."

நான் பதில் சொல்லுமுன் என் தொலைபேசி அடித்தது. விஜயலெட்சுமி அக்கா. புதுக் கையேடு எப்போது வரும் என்று கேட்கத்தான் எடுத்தார், பிறகு வைக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் காற்றாடிகளின் இரைச்சல் கேட்டது.

"அந்தத் தம்பி கடுதாசிய புள்ளைங்களோட பொறப்புச் சான்றிதழோட வச்சிருக்கேன் கேஷானி. இத்தனை வருசத்துல இந்தத் தோட்டத்துல எனக்குனு உக்காந்து யாரும் ஒரு வரி எழுதுனதில்ல. படிச்ச புள்ள, அதுக்கு எவ்வளவு மனசு இருந்தா இப்படி எழுதியிருக்கும், சொல்லு?"

எதிர்மேசையில் அண்ணன் விசில் அடித்துக்கொண்டே புது ஸ்டோரின் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். என் திரையில் பெயர் எழுத வேண்டிய அந்தக் கோடு வெறுமையாகக் கிடந்தது.

"ஆமாக்கா" என்றேன்.